குறைச்சுக் கேட்பது

சென்னையில் வாடகை வீடு பேசும்போது புழங்கும் சொற்களுக்குத் தனியாக ஒரு அகராதி போடலாம். விளம்பரத்தில் 'நெகோஷியபிள்' என்று இருந்தால் ஐந்நூறு ரூபாய் குறையும். 'ஸ்லைட்லி நெகோஷியபிள்' என்றால் குறையாது. 'பாத்துப் பண்ணிக்கலாம்' என்று ஓனர் சொன்னால் ஒன்றும் நடக்காது. புரோக்கர் சொன்னால் அவருடைய ஒரு மாதக் கமிஷன் மட்டும் கச்சிதமாக நடக்கும். 'நேர்ல வாங்க, பேசிக்கலாம்' என்றால் வாடகையைவிட உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறார்கள் என்று அர்த்தம்.

பன்னிரண்டு வருடங்களில் ஐந்து வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். பார்த்த வீடுகளுக்குக் கணக்கில்லை. கோடிங் இன்டர்வியூவுக்குத் தயாராக ஆயிரம் வீடியோக்கள் கிடைக்கும் காலத்தில், ஒரு அந்நியரின் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு 'ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கோங்க சார்' என்று எப்படிக் கேட்பது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. என் அப்பாவுக்கும் தெரியாது. கோவில்பட்டி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுவார். வீட்டுக்காரர் முன்னால் மட்டும் சொன்ன வாடகைக்குத் தலையாட்டிவிட்டு வருவார். 'குடியிருக்க இடம் குடுக்கறாங்க, அங்க போயி சந்தை மாதிரி பேசக் கூடாது' என்பது அவர் கட்சி.

அப்பா சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கத்தரிக்காயை 'சொத்தை' என்று சொல்லி விலை குறைக்கலாம். கடைக்காரர் அதைத் தான் பெற்ற பிள்ளையாக நினைப்பதில்லை. வீட்டை அப்படிச் சொல்ல முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் பி.எஃப். பணத்தைப் போட்டு, கொத்தனாரோடு சண்டை போட்டு, டைல்ஸ் நிறத்துக்காக மனைவியிடம் ஒரு வாரம் பேசாமலிருந்து கட்டிய வீடு அது. 'பாத்ரூம் சின்னதா இருக்கே' என்று சொன்ன மறுகணம் அவர் முகம் மூடிக்கொள்ளும். பிறகு வாடகை ஒரு ரூபாய்கூட இறங்காது. அதே நேரம் 'சூப்பரா இருக்கு சார்' என்றாலும் தொலைந்தோம். வீட்டைக் குறையும் சொல்லாமல் புகழவும் செய்யாமல், இறுக்கமான ஒரு நடுநிலை முகத்தோடு சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும்.

போதாததற்கு வேலை. 'என்ன பண்றீங்க?' 'ஐ.டி. சார்.' அந்த இடத்தில் வாடகைக்குக் கீழே ஒரு ஜாக்கி வைத்த மாதிரி இருக்கும். 'ஐ.டி.ல இருக்கீங்க, ரெண்டாயிரமெல்லாம் உங்களுக்கு ஒரு காசா?' என்று அன்பாகவே கேட்பார்கள். லே-ஆஃப் பற்றியெல்லாம் அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. விளக்கினால் 'அப்போ வாடகை ஒழுங்கா வருமா?' என்ற அடுத்த சந்தேகம் எழும்.

*

நாங்கள் கடைசியாக வீடு தேடியது ஆடி மாதத்தில். நாங்களாக எடுத்த முடிவில்லை. இருந்த வீட்டின் ஓனர் ஆனி கடைசியில் வந்து, பையன் யூ.எஸ்.ஸிலிருந்து திரும்பி வருவதாகவும் இரண்டு மாதத்தில் காலி செய்துகொடுத்தால் நல்லது என்றும் சொன்னார். வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பையனைத் தெரிந்திருக்கும். எல்லா ஓனர்களுக்கும் அவன் ஒரே பையன். வருவதாகச் சொல்வார்கள், வர மாட்டான்.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். மார்கழியிலும் அப்படித்தான். பலருக்குப் புரட்டாசியும் ஆகாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் டூ-லெட் போர்டுகள் வெயிலில் தொங்கிக்கொண்டிருக்கும், போன் வராது. 'வீடு பாக்கறதுன்னா ஆடியிலதான் பாக்கணும். ஆவணியில எல்லாரும் வந்துடுவாங்க' என்றாள் மனைவி. ஜவுளிக்கடைகள் மட்டும்தான் ஆடித் தள்ளுபடி தரும் என்று யார் சொன்னது என்பது அவள் வாதம்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்க்கும் பழக்கமும் அவளுடையதுதான். குறிப்பாக இஸ்திரி வண்டி. ஒரு வீடு எத்தனை நாளாகக் காலியாக இருக்கிறது, முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள், போர் தண்ணீர் உப்பா, லாரித் தண்ணீர் எந்த மாதத்திலிருந்து வாங்க வேண்டும் என்பதெல்லாம் இஸ்திரிக்காரருக்குத் தெரியும். நான்கு சட்டை கொடுத்துவிட்டு நின்றால் சொல்லிவிடுவார். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் என்றால் இன்னொரு கேள்வி உண்டு. '2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?' ஓனரைக் கேட்டால் 'தெருவுல கொஞ்சம் நின்னுச்சு' என்பார். இஸ்திரிக்காரர் தன் உடம்பிலேயே கை வைத்துக் காட்டுவார். ஒரு தெருவில் முழங்கால், அடுத்த தெருவில் இடுப்பு.

வீடு மூன்று மாதமாகக் காலி என்று தெரிந்துகொண்டு படியேறுவதும் தெரியாமல் ஏறுவதும் வேறு வேறு. நாம் அதை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். நம் உட்காரும் விதமே மாறிவிடும்.

*

என் பங்குக்கு நான் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். பொறியாளர்கள் பயம் வந்தால் செய்கிற காரியம் அது.

உதாரணத்துக்கு, மாதம் 22,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். 2,20,000 ரூபாய் ஓனரிடம் வட்டியில்லாமல் தூங்கும். அதே பணம் 7 சதவீத வட்டியில் எஃப்.டி.யில் இருந்தால் வருடத்துக்கு 15,400, மாதத்துக்கு 1,283 ரூபாய். காலி செய்யும்போது பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடம் இருப்போம் என்று வைத்தால் அது மாதத்துக்கு 917 ரூபாய். ஆக, 22,000 ரூபாய் வீட்டின் வாடகை உண்மையில் 24,200. மெயின்டனன்ஸ் 1,500 தனி.

அதற்குப் பிறகு கரண்ட். ஒரே இணைப்பில் நாலு போர்ஷனுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் என்று வாங்கும் வீடுகள் நிறைய. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வீட்டில் குடியிருப்பவருக்கு அது வந்து சேராது. அடுத்தது பான் நம்பர். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்க ஓனரின் பான் வேண்டும். 'கேஷா குடுத்துடுங்க, பான் எல்லாம் தர்றதில்ல' என்கிறவரின் 22,000, பழைய வரிமுறையில் இருப்பவருக்கு 22,000-த்தில் நிற்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் ஒரு காலம் போட்டிருந்தேன். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. ஆனால் அதே பிரிவின் தொடக்கத்திலேயே, வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் முழுக்க அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. எல்லாரும் ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொள்ளாதவருக்குச் சாவி கிடைக்காது.

ஷீட்டைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள். 'இதை ஓனர்கிட்ட காட்டப்போறியா?'

'இல்ல, நமக்குத்தான்.'

'அவர் பக்கம் ஒரு ஷீட் போடு.'

போட்டேன். 22,000 ரூபாய் வீட்டில் மாதம் 2,000 குறைத்துக்கொண்டால் பதினொரு மாத அக்ரிமென்ட்டில் ஓனருக்கு நஷ்டம் 22,000. வீடு ஒரே ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் நஷ்டம் அதே 22,000. இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கிற வீட்டின் ஓனர், இரண்டாயிரம் குறைத்துக் கேட்டவரை முதல் மாதமே ஏற்றுக்கொண்டிருந்தால் லாபத்தில் இருந்திருப்பார். இவ்வளவு எளிய கணக்கு. பிறகு ஏன் இத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன?

அதற்கு விடை மடிப்பாக்கத்தில் கிடைத்தது.

*

முதல் மாடி, இரண்டு பெட்ரூம், கிழக்குப் பார்த்த வாசல். ஓனர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வாடகை 22,000. இஸ்திரிக்காரர் தகவலின்படி சித்திரையிலிருந்து காலி. காபி வந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு 20,000 என்றேன்.

'இல்லீங்க. இருபத்திரண்டுக்குக் கீழ குடுக்கறதா இல்ல. போன வாரம்கூட ஒருத்தர் இருபத்தொண்ணுக்குக் கேட்டாரு, விட்டுட்டேன்.'

மனைவி, ஒரு வருடத்துக்கு வாடகையை முதல் தேதியே தானாகப் போகிற மாதிரி செட் பண்ணிவிடுவதாகச் சொன்னாள். குழந்தை எல்.கே.ஜி. சேரப் போகிறது, அடிக்கடி மாற மாட்டோம் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். 'சொந்த ஊரு எது?'

'கோவில்பட்டி பக்கம் சார்.'

'பக்கம்னா?'

கிராமத்தின் பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஊரில் எந்தத் தெரு என்றார். தெருவுக்கு முன்னால் இருக்கிற கோயிலைச் சொன்னார். அங்கே தனக்குச் சொந்தம் இருப்பதாகச் சொல்லி ஒரு குடும்பத்தின் பட்டப்பெயரைச் சொன்னார். எனக்கும் அந்தக் குடும்பத்தைத் தெரியும். 'தெரியும் சார்' என்று மட்டும்தான் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

'அட, முதல்லயே சொல்லக் கூடாதா? நமக்குள்ள என்னங்க பேரம். இருபதே குடுங்க. அட்வான்ஸும் ஒரு லட்சம் போதும்.' உள்ளே திரும்பி மனைவியை அழைத்தார். 'இங்க வா, யாரு வந்திருக்கா பாரு.'

ஒரு லட்சம் அட்வான்ஸ் என்றால் மாதத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று என் மூளை தானாகக் கணக்குப் போட்டது. 700 ரூபாய். வாடகையில் 2,000. மொத்தம் 2,700. எந்த வாதத்துக்கும் மசியாத தொகை ஒரு தெருப்பெயருக்கு இறங்கியிருந்தது.

மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். 'சார், நீங்க நினைக்கிறவங்க நாங்க இல்ல' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தப்பான அட்ரஸுக்கு வந்த பார்சலைத் திருப்பிக் கொடுக்கிற குரல்.

நாங்கள் யார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அவர் நினைத்தவர்கள் இல்லை, அவ்வளவுதான். 'சேச்சே, நான் அதெல்லாம் பாக்கறதே இல்லம்மா. ஊர்க்காரங்கன்னுதான் சொன்னேன்' என்றார் அவர். உள்ளேயிருந்து வந்த அம்மாள் வாசல் நிலையிலேயே நின்றார். எல்லாரும் சிரித்தோம். 'வீட்ல கலந்துக்கிட்டு போன் பண்றேன்' என்றார். வீடு முழுக்க அங்கேயேதான் இருந்தது, கலந்துகொள்ள வேண்டியவரும் வாசல் நிலையில்தான் நின்றிருந்தார்.

போன் வரவில்லை. வண்டியில் வரும்போது நான், 'பேசாம இருந்திருந்தா மாசம் ரெண்டாயிரத்து எழுநூறு' என்றேன். 'பேசாம இருக்கறதுக்கு அது சம்பளம். நமக்கு வேற வேலை இருக்கு' என்றாள்.

*

என் அலுவலக நண்பன் ஒருவன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, 'உங்களுக்குக் காபியாவது குடுத்தாங்களே' என்றான். அவன் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னைவிடச் சம்பளம் அதிகம். அவனுக்கு எக்செல் ஷீட் போடும் கட்டமே வந்ததில்லை. போனில் வாடகை, அட்வான்ஸ், கார் பார்க்கிங் எல்லாம் பேசி முடித்து, 'உங்க பேரு சார்?' என்று கேட்பார்கள். இஸ்லாமியப் பெயரைக் கேட்டதும் வீடு அந்த நொடியில் வேறு யாருக்கோ முடிந்திருக்கும். சிலர் நேர்மையாக, 'நாங்க வெஜ்ஜுக்குத்தான் குடுக்கறோம்' என்பார்கள். அவன் சாப்பிடுவது என்ன என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியில் அவன் ஒரு அபார்ட்மென்ட்டில், அதே தளத்தில் இருக்கும் அடுத்த வீட்டைவிட மூவாயிரம் அதிகம் கொடுத்துக் குடியேறினான். பேரம் பேசவில்லையா என்றேன். 'அவர் சரின்னு சொன்னதே பெரிசு. அதுக்கப்புறம் குறைங்கன்னு எப்படிடா கேக்கறது?'

மடிப்பாக்கத்து ஓனரின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பூட்டிய வீட்டுக்காக அவர் எண்பதாயிரத்துக்கு மேல் இழந்திருந்தார். அந்நியனுக்கு மாதம் இரண்டாயிரம் குறைக்க மனமில்லாதவர், தனக்குப் பிடித்தவர் வரட்டும் என்று மாதம் இருபத்திரண்டாயிரம் செலவழித்துக்கொண்டிருந்தார். அது வாடகை இழப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்காது. உள்ளே வந்தவருக்குத் தரும் தள்ளுபடியையும், வெளியே நிறுத்தப்பட்டவர் வேறெங்கோ கூடுதலாகக் கட்டும் மூவாயிரத்தையும் பக்கத்துப் பக்கத்து செல்லில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் வாடகை எவ்வளவு என்று தெரியும்.

*

எங்களுக்கு வீடு கிடைத்தது கீழ்க்கட்டளையில். எழுபதைத் தொட்ட அம்மா. கணவர் இல்லை. கீழே ஒரு போர்ஷனில் அவர், இன்னொன்றில் ஒரு குடும்பம், மேலே இரண்டு. நாங்கள் பார்த்தது மேல் வீடு. வாடகை 18,000, பத்து மாத அட்வான்ஸ், காலியாகி ஒன்றரை மாதம்.

'ஊரு எது தம்பி?' என்றார். எனக்கு முதுகு விறைத்தது. சொன்னேன்.

'கடலைமிட்டாய் ஊரா? வரும்போது ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க.' அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 'மீன் வறுப்பீங்களா?'

'வறுப்போம்மா' என்றாள் மனைவி.

'வறுங்க. பின்பக்க ஜன்னலத் திறந்துட்டு வறுங்க. முன்னால திறந்தா எனக்கு இருமல் வரும்.'

நான் பதினாறரை என்று ஆரம்பித்தேன். அவர் நேரடியாகவே சொன்னார். 'தம்பி, இந்த வாடகைதான் எனக்கு மருந்து, மாத்திரை, எல்லாம். அதோட உங்களுக்குக் குறைச்சேன்னு வைங்க, நாளைக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து நிப்பாரு. அவருக்கும் குறைக்கணும்.'

வாடகைப் பேரத்தில் நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அது. வாடகை என்பது தெருவுக்கே தெரிந்த எண். கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியும், இஸ்திரிக்காரருக்குத் தெரியும். அதை இறக்கினால் எல்லா இடத்திலும் இறங்கும், பிறகு ஏற்றுவதும் கஷ்டம். ஆனால் அட்வான்ஸ் எவ்வளவு, பெயிண்டிங் யார் பொறுப்பு, வாடகை எந்தத் தேதியிலிருந்து என்பது இரண்டு பேருக்குள் இருப்பது. மனைவி உடனே அந்தப் பக்கம் போனாள்.

'வாடகை பதினெட்டே இருக்கட்டும்மா. அட்வான்ஸ் மட்டும் அஞ்சு மாசம் வாங்கிக்கோங்க. போகும்போது பெயிண்டிங்குக்குப் பிடிக்காதீங்க, நாங்களே அடிச்சுக் குடுத்தா கூலி கூடும், அதனால இப்ப இருக்கற மாதிரியே எடுத்துக்கறோம். சாமான் எல்லாம் ஆடி பாதியில கொண்டாந்து வெச்சுடறோம், ஆவணி ஒண்ணாந்தேதி பால் காய்ச்சறோம். வாடகை ஆவணியிலேருந்து.'

'ஆடியில சாமான் வரலாமா?'

'சாமான்தானேம்மா வருது, நாங்க வரலயே.'

அவர் சிரித்துவிட்டார். கொசுவலை அடித்துத்தர ஒப்புக்கொண்டார். டோக்கன் அட்வான்ஸை மட்டும் ஆடிப்பெருக்கு அன்றுதான் வாங்குவேன் என்றார். இரவு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். குறைந்த அட்வான்ஸால் மாதம் 525, பெயிண்டிங் இல்லாததால் 750, அரை மாத வாடகையை இருபத்துநாலு மாதத்துக்குப் பகிர்ந்தால் 375. மொத்தம் 1,650. பதினெட்டு பதினெட்டாகவே இருக்க, நான் கேட்ட பதினாறரையைவிடக் கூடுதலாகவே குறைந்திருந்தது. கீழ்வீட்டுக்காரருக்கும் மனக்குறை இல்லை.

*

போன வைகாசியில் எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷன் காலியானது. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதால் போர்டில் என் நம்பரைப் போடச் சொன்னார். பத்து நாட்கள் நான் ஓனர் பக்கத்து ஆளாக இருந்தேன். அழைத்தவர்கள் எல்லாரும் முதலில் வாடகை எவ்வளவு என்றார்கள். சொன்னதும் குறையுமா என்றார்கள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தார். 'சார், நாங்க முஸ்லிம். பரவாயில்லையா?' எத்தனை ரூம், எந்த மாடி, தண்ணீர் எப்படி, எதுவும் கேட்கவில்லை. 'வந்து பாருங்க' என்றேன். 'இல்ல சார், வந்த பிறகு இல்லன்னா லீவு வேஸ்ட்டாயிடும், அதான்' என்றார். அம்மாவிடம் கேட்டேன். 'மீன் வறுப்பாங்களா?' என்றார். அதையே போனில் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு கணம் தயங்கி, 'வறுக்கக் கூடாதுன்னா வறுக்க மாட்டோம் சார்' என்று பதில் வந்தது. பின்பக்க ஜன்னல் விஷயத்தை விளக்கினேன். பிறகுதான் வாடகையைக் கேட்டார்.

'பதினேழு. அட்வான்ஸ் பத்து மாசம்.'

'சரி சார். ஓகே சார்.'

'குறைச்சுக் கேளுங்க' என்றேன். அவருக்குப் புரியவில்லை. வாடகை குறையாது, ஆனால் அட்வான்ஸ் குறையும், பெயிண்டிங் பற்றிப் பேசுங்கள், கொசுவலை கேளுங்கள் என்று வரிசையாகச் சொன்னேன். 'கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்களா?' என்றார். அந்தக் கேள்விக்கு என் ஷீட்டில் எந்தக் காலமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். பிறகு கீழே அம்மாவின் ஹாலில் உட்கார்ந்து பேசினார்கள். நான் மாடிப்படியில் கொடித் துணியை எடுப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். அட்வான்ஸ் பேச்சு வந்தது. 'சரி, ஆறு மாசம் குடுங்க' என்றார் அம்மா. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'அஞ்சு பண்ணிக்கலாமாம்மா?' என்றார் அவர்.